ஞானஸ்நானம்: கொடுப்பதா, எடுப்பதா?

டெல்லியில் டிசம்பர் கடைசி வாரத்தில் குழாயைத் திறந்தால் கையில் ஊசி குத்தும். அப்படியொரு காலையில், மயூர் விஹாரில் மூன்றாவது மாடியில் இருக்கும் என் அக்கா மகன் வீட்டில் தண்ணீரைப் பற்றித்தான் சண்டை. அக்கா தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்திலிருந்து பேரக்குழந்தையைப் பார்க்க வந்திருந்தாள். குழந்தைக்கு ஐந்து மாதம். ஊருக்குக் கொண்டுபோய், தண்ணீரால் ஒருவரைக் கிறிஸ்தவச் சபையில் சேர்க்கும் ஞானஸ்நானத்தை, குடும்பத்தில் எல்லாரும் பெற்ற கோயிலிலேயே ஐயர் (எங்கள் பக்கத்தில் சபைப் போதகரை அப்படித்தான் சொல்வோம்) கையால் கொடுத்துவிட வேண்டும் என்பது அவள் கணக்கு. குழந்தைக்காகச் சபையில் பதில் சொல்லும் ஞானத்தாய் யார், ஞானத்தகப்பன் யார் என்பதுகூட முடிவாகிவிட்டது. மகனோ டெல்லிக்கு வந்த பிறகு ஒரு பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிறவன். குழந்தை வளர்ந்து, தானே விசுவாசித்துக் கேட்கட்டும் என்றான். அதோடு நிறுத்தியிருந்தால் சமாளித்திருக்கலாம். தானும் கூடிய சீக்கிரம் முழுக்கு ஞானஸ்நானம் எடுக்கப்போவதாகச் சொன்னான்.

அக்கா காபி டம்ளரைக் கீழே வைத்தாள். “அப்படியானால் அன்றைக்கு நாங்கள் உனக்குச் செய்தது என்ன, குளிப்பாட்டியதா?”

“அம்மா, அது தெளிப்பு. வேதத்தில் இருப்பது முழுக்கு.”

இரண்டு பேரும் என் பக்கம் திரும்பினார்கள். “நீயே சொல் தம்பி” என்றாள் அவள். “சொல்லுங்கள் மாமா” என்றான் இவன். அன்று நான் சொன்னது எதுவும் உருப்படியாக இல்லை. பிறகு உட்கார்ந்து யோசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அந்தச் சண்டையில் என் காதில் முதலில் விழுந்தது வினைச்சொல். அக்கா ‘ஞானஸ்நானம் கொடுக்க வேண்டும்’ என்கிறாள். மகன் ‘ஞானஸ்நானம் எடுக்கப்போகிறேன்’ என்கிறான். திருநெல்வேலிச் சீமைக் கிறிஸ்தவர்களிடம் இந்த இரண்டு வினைகளும் தெளிவாகப் பிரிந்து கிடக்கின்றன. தென்னிந்தியத் திருச்சபை என்னும் சி.எஸ்.ஐ., லுத்தரன், கத்தோலிக்கக் குடும்பங்களில் குழந்தைக்குக் கொடுப்பார்கள். பெந்தெகொஸ்தே, பாப்டிஸ்ட் சபைகளில் பெரியவர்கள் எடுப்பார்கள். தண்ணீர் எத்தனை செம்பு என்பது மேலே தெரிகிற சண்டை. அடியில் இருப்பது, இந்தச் செயலைச் செய்பவர் யார் என்ற சண்டை.

கிரேக்கத்தில் ‘பாப்டிசோ’ என்ற வினைக்கு முக்குதல், அமிழ்த்துதல் என்று பொருள். கப்பல் மூழ்கியதைச் சொல்லவும் அந்தக் காலத்தவர் இந்தச் சொல்லைப் பயன்படுத்தினார்கள். அகராதியோடு விஷயம் முடிந்துவிடும் என்றால் என் மருமகன் கட்சிக்குத்தான் வெற்றி. தமிழில் பழைய சொல் ஞானஸ்நானம்; கத்தோலிக்கர்கள் இப்போது திருமுழுக்கு என்கிறார்கள், 1995இல் வெளிவந்த திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பிலும் அந்தச் சொல்தான். இதில் ஒரு வேடிக்கை உண்டு. பெயரிலேயே முழுக்கை வைத்திருக்கும் கத்தோலிக்கர்கள் பெரும்பாலும் தலையில் மூன்று முறை தண்ணீர் ஊற்றுகிறார்கள். ஸ்நானம் என்று பொதுவாகச் சொல்லும் பெந்தெகொஸ்தேக்காரர்கள் ஆளையே முழுக்கி எடுக்கிறார்கள்.

ஆனால் தண்ணீர் தலைக்குப் போனால் என்ன பொருள் என்று தமிழர்களுக்கு யாரும் கிரேக்கத்திலிருந்து சொல்லித் தர வேண்டியதில்லை. ‘அவனை என்றைக்கோ தலைமுழுகிவிட்டேன்’ என்றால் உறவு அறுந்தது என்று பொருள். சாவு வீட்டுக்குப் போய் வந்தவர் முழுகுவதிலிருந்து வந்த பேச்சு அது. அம்மை இறங்கிய பிள்ளைக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றினால், மூலையில் வேப்பிலையோடு படுத்திருந்த பிள்ளை மறுபடி வீட்டு நடமாட்டத்துக்குள் வருகிறது. பூப்படைந்த பெண்ணுக்கு மஞ்சள் நீராட்டுவது அவள் நிலை மாறிவிட்டது என்று ஊருக்குச் சொல்ல. ஒரே தண்ணீர் ஓரிடத்தில் அறுக்கிறது, ஓரிடத்தில் சேர்க்கிறது, ஓரிடத்தில் ஆளை வேறாக்குகிறது. ஞானஸ்நானத்தில் இந்த மூன்றும் உண்டு. எந்தச் சபை எதை முன்னால் வைக்கிறது என்பதில்தான் வித்தியாசம்.

யோர்தான் ஆற்றிலிருந்து தொடங்கலாம். யூதர்களுக்குத் தீட்டுக் கழிக்க முழுகுவது புதிய பழக்கம் அல்ல. ஆனால் அதில் ஒருவர் தானே குளத்தில் இறங்கி, தானே முழுகி எழுவார். வேண்டும்போதெல்லாம் திரும்பவும் செய்வார். யோவான் ஸ்நானகன் இதை மாற்றிவிட்டார். அவரிடம் வந்தவர்கள் தாமாக முழுகவில்லை, அவர் முழுக்கினார். அவருக்கு அந்தப் பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டதே அந்தப் புதுமையால்தான். அவருடைய முழுக்கு தீட்டுக்கானது அல்ல, மனந்திரும்புதலுக்கானது.

அங்கேதான் கிறிஸ்தவ வரலாற்றின் மிகச் சங்கடமான காட்சிகளில் ஒன்று வருகிறது. மனந்திரும்ப வேண்டிய பாவம் எதுவும் இல்லாதவர் என்று கிறிஸ்தவர்கள் நம்பும் இயேசு, பாவிகளின் வரிசையில் வந்து நிற்கிறார். மத்தேயு நற்செய்தியில் யோவானே தடுக்கிறார்: நான் உம்மிடம் பெற வேண்டியிருக்க, நீர் என்னிடம் வரலாமா? இயேசு விட்டுக்கொடுக்கவில்லை. வரிசையில் நிற்கத் தேவையில்லாதவர் நின்றதுதான் மனிதரோடு அவர் கலந்துகொண்ட விதம் என்று ஆதிச் சபையின் ஆசிரியர்களான சபைப் பிதாக்கள் விளக்கினார்கள். எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது அடுத்த வரி. அவர் கரையேறியதும் வானத்திலிருந்து ‘இவர் என் நேசகுமாரன்’ என்ற குரல் கேட்கிறது. அந்த நேரம்வரை நற்செய்தியில் அவர் ஒரு நோயாளியையும் குணமாக்கவில்லை, ஒரு பிரசங்கமும் செய்யவில்லை. மகன் என்ற பெயர் முதலில் வருகிறது, வேலை பிறகு வருகிறது. கைக்குழந்தைக்குக் கொடுப்பவர்கள் தங்கள் பக்கத்துக்கு வேறு வசனங்களைத் தேடி அலைவதைப் பார்த்திருக்கிறேன். இந்தக் காட்சியே அவர்களுக்குப் போதும் என்பது என் எண்ணம்.

எதிர்ப்பக்கத்துக்கு, முதல் சபைகளுக்குக் கடிதங்கள் எழுதிய அப்போஸ்தலர் பவுல் இருக்கிறார். ரோமருக்கு எழுதிய கடிதத்தின் ஆறாம் அதிகாரத்தில் அவர் ஞானஸ்நானத்தை அடக்கம் என்கிறார்: கிறிஸ்துவின் மரணத்துக்குள் புதைக்கப்பட்டு, அவரோடு எழுந்து புது வாழ்வில் நடப்பது. இது குளியல் அல்ல, சாவு. நம் தலைமுழுகுதலுக்கு மிக அருகில் வருகிற பொருள். ஆனால் இங்கே தலைமுழுகப்படுவது தன் பழைய ஆளையே. ஒரு பிடி மண்ணைத் தூவினால் அடக்கம் செய்ததாகுமா என்று முழுக்குச் சபைப் பிரசங்கிகள் கேட்பதுண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நீருக்குள் மூச்சை அடக்கிக்கொண்டு கிடக்கும் அந்த இரண்டு நொடியில் உடம்புக்குப் புரிவது, நெற்றியில் ஈரம் பட்டால் புரியாது. இதை நான் ஒப்புக்கொள்கிறேன்.

சரி, முதல் சபைகள் என்னதான் செய்தன? இயேசு உயிர்த்தெழுந்தபின் வந்த பெந்தெகொஸ்தே திருநாளில் எருசலேமில் ஏறக்குறைய 3,000 பேர் ஞானஸ்நானம் பெற்றதாக அப்போஸ்தலர் நடபடிகள் சொல்கிறது. ஆறே இல்லாத மலையூரில் அத்தனை பேரை எப்படி முழுக்கினார்கள் என்று ஒரு பக்கம் கேட்பார்கள். அகழ்வாராய்ச்சியில் கிடைத்திருக்கும் தீட்டுக் குளங்களை மறுபக்கம் காட்டுவார்கள். இந்த வாதத்துக்கு முடிவு கிடையாது. அதைவிட உதவியான சாட்சி ‘டிடாக்கே’ என்ற சிறிய கிரேக்கக் கையேடு. முதல் நூற்றாண்டின் கடைசியிலோ இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ எழுதப்பட்டது. ஏழாம் பகுதி முழுக்க ஞானஸ்நானம். ஓடுகிற தண்ணீரில் கொடுங்கள். ஓடும் தண்ணீர் இல்லையென்றால் வேறு தண்ணீர். குளிர்ந்த நீரில் முடியவில்லையென்றால் வெந்நீர். இரண்டும் போதுமான அளவு இல்லையென்றால் பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தில் தலையில் மூன்று முறை ஊற்றுங்கள். கொடுப்பவரும் பெறுபவரும் முன்னதாக உபவாசம் இருங்கள்.

இதை எழுதியவர் யார் என்று தெரியாது. ஆனால் சட்டம் பேசுகிறவரின் குரல் இது இல்லை; ஊர் ஊராகப் போய்த் தண்ணீர்க் கஷ்டம் பார்த்த ஆளின் குரல். ஓடும் ஆறு முதல் விருப்பம், முடியாவிட்டால் ஒரு செம்பு. யமுனைக் கரையில் வாழ்கிற எங்களுக்கு இது நன்றாகப் புரியும். ஓடும் தண்ணீர் என்னவோ இருக்கிறது. காளிந்தி குஞ்சில் வெள்ளை நுரை மிதக்கும் அந்தத் தண்ணீரில் யாரையும் இறக்கி ‘சுத்தமானாய்’ என்று சொல்ல மனம் வராது.

அடுத்த இரண்டு மூன்று நூற்றாண்டுகளில் சடங்கு கனத்தது. ஆண்டுக்கணக்கில் பாடம், உபவாசம், ஈஸ்டருக்கு முந்திய இரவு விழிப்பு. மேற்கு திசையைப் பார்த்து நின்று சாத்தானை மறுதலிப்பது, கிழக்கே திரும்பிக் கிறிஸ்துவை அறிக்கையிடுவது, எண்ணெய் பூசுவது, கரையேறியதும் வெள்ளாடை. சில இடங்களில் பிறந்த குழந்தைக்குக் கொடுப்பதுபோல் பாலும் தேனும் கொடுத்தார்கள். இன்று கத்தோலிக்கக் குழந்தைக்குப் போர்த்தும் வெள்ளைத் துணியும், கோயில் வாசலில் விரல் நனைத்து நெற்றியில் இடும் தீர்த்தமும் அந்தக் காலத்தின் மிச்சம்.

கனத்ததால் ஒரு விபரீதமும் வந்தது. ஞானஸ்நானம் எல்லாப் பாவத்தையும் கழுவும், பிறகு செய்யும் பெரிய பாவத்துக்குக் கடுந்தண்டனை என்றால், கடைசிவரை தள்ளிப்போடுவதுதானே கெட்டிக்காரத்தனம்? ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் 337இல் மரணப்படுக்கையில்தான் பெற்றார். சிறுவன் அகஸ்டீன் வயிற்று வலியில் சாகக் கிடந்தபோது அவசரமாகக் கொடுக்க ஏற்பாடு நடந்தது. வலி தீர்ந்ததும் ‘இனிமேல் செய்யப்போகும் பாவங்களுக்கும் சேர்த்துப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று வீட்டில் ஒத்திப்போட்டார்கள். அவர் 387இல் மிலான் நகரில், அம்புரோஸ் ஆயரின் கையால் ஈஸ்டர் இரவில் பெற்றார். வளர்ந்து பெரிய இறையியலாளரான பிறகு, குழந்தைகளுக்கு உடனே கொடுக்க வேண்டும் என்பதற்கு அவரே மிகப் பெரிய வழக்கறிஞர் ஆனார். ஆதாமிலிருந்து வரும் ஜென்மபாவம் கைக்குழந்தையையும் விடாது என்பது அவர் வாதம். மேற்கத்தியச் சபை அதை அப்படியே எடுத்துக்கொண்டது. ஞானஸ்நானம் பெறாமல் இறக்கும் சிசுவின் கதி என்ன என்ற தாய்மாரின் பயமும் அதோடு வந்தது. அந்தப் பிள்ளைகளுக்கும் மீட்பு உண்டு என்று நம்ப இடமிருக்கிறது என 2007இல் வத்திக்கானின் இறையியல் குழு எழுதியது. பல நூற்றாண்டுத் தாய்மார்களுக்கு அது தாமதமான ஆறுதல்.

குழந்தைகளுக்குக் கொடுத்தது எப்போது தொடங்கியது என்று புதிய ஏற்பாட்டில் நேரடியாக இல்லை. பிலிப்பி பட்டணத்துச் சிறைக்காவலனும் அவன் வீட்டார் அனைவரும், லீதியாளும் அவள் வீட்டாரும் பெற்றார்கள் என்று இருக்கிறது. வீட்டார் என்றால் தொட்டிலில் கிடப்பவரும் சேர்த்தியா? நம் ஊரில் ‘வீட்டோடு வந்துவிடுங்கள்’ என்று அழைத்தால் யாரும் குழந்தையை விட்டுவிட்டு வருவதில்லை. ஆனால் இது ஊகம்தான், சான்று அல்ல. சுமார் 200ஆம் ஆண்டில் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜில் வாழ்ந்த கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன், சிறு பிள்ளைகளுக்கு ஏன் இந்த அவசரம் என்று கேட்டார். அவர் எதிர்த்தார் என்றால் யாரோ செய்துகொண்டிருந்தார்கள் என்பது மட்டும் உறுதி.

இந்தக் கேள்வி 16ஆம் நூற்றாண்டில் ரத்தத்தில் போய் முடிந்தது. 1525 ஜனவரி 21 அன்று சுவிட்சர்லாந்தின் சூரிச்சில் ஒரு வீட்டில் கூடியிருந்தவர்களில், கான்ராட் கிரேபெல் ஜார்ஜ் பிளவ்ராக்குக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். இருவருமே குழந்தையில் பெற்றவர்கள். குழந்தையில் நடந்தது ஞானஸ்நானமே அல்ல என்பது அவர்கள் கட்சி. ஊர் மன்றம் மறுஞானஸ்நானத்துக்கு மரண தண்டனை அறிவித்தது. 1527 ஜனவரி 5 அன்று பெலிக்ஸ் மான்ஸ் என்பவரைக் கை கால் கட்டி லிம்மாத் ஆற்றில் முழுக்கிக் கொன்றார்கள். தண்ணீர் கேட்டவனுக்குத் தண்ணீராலேயே சாவு என்ற குரூர நையாண்டி அதில் இருந்தது. கொன்றவர்களும் ரோமைவிட்டுப் பிரிந்த சீர்திருத்தக் கிறிஸ்தவர்கள்தான். அரசும் சபையும் ஒன்றாக இருந்த ஊரில், குழந்தைக்கு ஞானஸ்நானம் மறுப்பது குடியுரிமைப் பதிவேட்டைக் கிழிப்பதற்குச் சமமாகப் பட்டது.

முழுக்குச் சபைகள் சொல்வதை அவர்கள் நிலையில் நின்று கேட்டால் இப்படி வரும்: விசுவாசம் வாடகைக்குக் கிடைக்காது. அப்பா விசுவாசித்தார், ஞானத்தகப்பன் எனக்காகப் பதில் சொன்னார் என்பது என் பதில் ஆகாது. முதலில் வார்த்தையைக் கேட்டு நம்ப வேண்டும், பிறகு தண்ணீர். எத்தியோப்பிய மந்திரி பாலைவனச் சாலையில் தண்ணீரைக் கண்டதும் ‘எனக்கு என்ன தடை’ என்று தன் வாயால் கேட்டான். ஆகவே ‘எடுத்தேன்’.

குழந்தைக்குக் கொடுக்கும் சபைகள் சொல்வது: அன்பு நம் பதிலுக்காகக் காத்திருப்பதில்லை. குழந்தை கேட்டா தாய்ப்பால் கொடுத்தோம், கேட்டா பெயர் வைத்தோம், கேட்டா தமிழ் சொல்லிக் கொடுத்தோம்? பதில் பிறகு வரட்டும். வருவதற்கு ஓர் இடமும் வைத்திருக்கிறோம்: சி.எஸ்.ஐ.யில் பேராயர் தலையில் கைவைத்துச் செய்யும் திடப்படுத்தல், கத்தோலிக்கரிடம் உறுதிபூசுதல். ஞானஸ்நானத்தில் உள்ள முழுகலை ஒரு நாள் வேலையாகப் பார்க்கக் கூடாது, பழைய ஆதாமை நாள்தோறும் முழுக்கிச் சாகடிப்பதே அதன் பொருள் என்று ஜெர்மானியச் சீர்திருத்தவாதி லூத்தர் 1529இல் தன் சிறிய ஞானோபதேச நூலில் எழுதினார். இந்த விளக்கம் எனக்கு எப்போதும் பிடிக்கும். நெற்றியில் விழுந்த மூன்று சொட்டு, ஆயுள் முழுவதும் மூழ்கவேண்டிய ஆழத்துக்கு முன்பணம்.

இதில் ஒரு பக்கம் சாய்ந்துவிடலாம் என்று நினைக்கும்போது மொழி என்னைத் தடுக்கிறது. புதிய ஏற்பாட்டில் ஞானஸ்நானம் எப்போதும் ஒருவரிடமிருந்து ஒருவர் பெறுவதாகவே வருகிறது. தமிழ் வேதாகமத்தின் வினையும் ‘பெறுதல்’. ‘எடுத்தேன்’ என்று நெஞ்சை நிமிர்த்துகிறவரையும் பின்னால் ஒருவர் முதுகைத் தாங்கிச் சாய்க்கிறார், அவரே தூக்கியும் விடுகிறார். தனக்குத் தானே கொடுத்துப் பார்த்தவரும் உண்டு. ஆங்கிலேயர் ஜான் ஸ்மித், 1609இல் ஆம்ஸ்டர்டாமில் தன் தலையில் தானே தண்ணீர் ஊற்றிக்கொண்டார்; தமக்குக் கொடுக்கத் தகுதியான சபை எதுவும் உலகத்தில் இல்லை என்பது அவர் நினைப்பு. பாப்டிஸ்ட் சபைகளின் முன்னோடிகளில் ஒருவராக எண்ணப்படும் அவருக்கே சீக்கிரத்தில் அது தவறோ என்ற சந்தேகம் வந்து, பெரியவர்களுக்கே ஞானஸ்நானம் கொடுக்கும் மெனோனைட்டுகளிடம் போய்க் கதவைத் தட்டினார். மறுபக்கம், ‘கொடுத்தோம்’ என்பவர்களும் கொடுத்ததோடு கை கழுவிவிட முடியாது. வாங்கியவன் என்றாவது ஒருநாள் ஆமாம் என்று சொல்ல வேண்டும்.

நடுவில் ஒரு சிறு தகவல்: தண்ணீரே வேண்டாம் என்ற கிறிஸ்தவர்களும் உண்டு. நாகர்கோவில்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த இரட்சணிய சேனை ஞானஸ்நானமும் திருவிருந்தும் நடத்துவதில்லை.

மறுபடி எடுக்கலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். மூன்றாம் நூற்றாண்டிலேயே இது கார்த்தேஜுக்கும் ரோமுக்கும் இடையே பெரிய வழக்கு. பிரிந்துபோன குழுவின் கையால் பெற்றவர் திரும்பி வந்தால் மறுபடி கொடுக்க வேண்டும் என்றார் கார்த்தேஜ் ஆயர் சிப்ரியான். கூடாது என்றார் ரோம் ஆயர் ஸ்தேவான். பிறகு அகஸ்டீன் இதற்குச் சொன்ன விடைதான் நின்றது: சீடர் பேதுரு கொடுத்தாலும் காட்டிக்கொடுத்த யூதாஸ் கொடுத்தாலும், கொடுப்பவர் கிறிஸ்துவே. கொடுத்தவர் அயோக்கியர் என்றாலும் பெற்றது பழுதாகாது. இதனால்தான் கத்தோலிக்கச் சட்டப்படி, சாகக் கிடக்கும் ஒருவருக்கு அவசரத்தில் யார் வேண்டுமானாலும், கிறிஸ்தவர் அல்லாத செவிலியர்கூட, சபை நினைப்பதைச் செய்யும் எண்ணத்தோடு தண்ணீர் ஊற்றி உரிய வார்த்தைகளைச் சொல்லி ஞானஸ்நானம் கொடுக்கலாம்.

வார்த்தைகள் மட்டும் மாறக் கூடாது. ‘நான் உனக்கு’ என்பதற்குப் பதிலாக ‘நாங்கள் உனக்கு’ என்று சொல்லிக் கொடுத்தது செல்லாது என்று 2020இல் வத்திக்கான் அறிவித்தது. அமெரிக்காவின் பீனிக்ஸ் மறைமாவட்டத்தில் ஒரு குருவானவர் பல ஆண்டுகளாக அப்படித்தான் சொல்லி வந்தது தெரிந்து, 2022இல் ஆயிரக்கணக்கானோரின் ஞானஸ்நானம் கேள்விக்குள்ளானது. ஒரு பிரதிப்பெயருக்காகவா என்று கேட்கத் தோன்றும். ஆனால் காரணம் நம் பழைய கேள்விதான்: கொடுப்பவர் யார்? கூடியிருக்கும் கூட்டம் கொடுக்கவில்லை, குருவின் வாயால் கிறிஸ்து கொடுக்கிறார் என்பது அவர்கள் கொள்கை. ‘நாங்கள்’ என்றதும் அது சங்கத்தில் உறுப்பினர் சேர்க்கை ஆகிவிடுகிறது.

தெற்கிலிருந்து டெல்லிக்கு வரும் சி.எஸ்.ஐ.க்காரர்களுக்கு இங்கே இன்னொரு திகைப்பு காத்திருக்கும். 1947 செப்டம்பர் 27 அன்று சென்னையில் பிறந்த தென்னிந்தியத் திருச்சபையில் சேர்ந்தவை பொதுவாகக் குழந்தைகளுக்குக் கொடுக்கும் சபைகள். 1970 நவம்பர் 29 அன்று நாக்பூரில் பிறந்த வட இந்தியத் திருச்சபையில் ஆங்கிலிக்கர்களோடு பாப்டிஸ்டுகளும் சேர்ந்தார்கள். ஆகவே அங்கே குழந்தை ஞானஸ்நானமும் விசுவாசி ஞானஸ்நானமும் இரண்டுமே ஏற்கப்பட்ட வழிகள். சூரிச் ஆற்றில் ஆளை முழுக்கிய அதே சண்டையை இங்கே ஒரே கூரைக்குள் உட்கார வைத்திருக்கிறார்கள். நம் ஊர்ப் பிரசங்கங்களில் இதைப் பற்றி ஒரு வார்த்தை வராதது எனக்கு ஆச்சரியம்.

இதுவரை சொன்னது சபைக்குள் உள்ள கதை. இந்தியாவில் ஞானஸ்நானத்தின் பொருளைச் சபை மட்டும் தீர்மானித்ததில்லை. ஊரும் சாதியும் அரசும் சேர்ந்து தீர்மானித்தன. டெல்லிக் கல்லூரியில் கணிதம் கற்பித்த மாஸ்டர் ராம்சந்திராவும் மருத்துவர் சமன் லாலும் 1852இல் காஷ்மீரி கேட் அருகே உள்ள செயின்ட் ஜேம்ஸ் ஆலயத்தில் ஞானஸ்நானம் பெற்றபோது நகரம் கொந்தளித்தது. 1857 மே 11 அன்று கிளர்ச்சி நகருக்குள் நுழைந்த முதல் நாளிலேயே சமன் லால் கொல்லப்பட்டார். ராம்சந்திரா தப்பினார். மஞ்சள் வெள்ளைச் சாயம் பூசிய அந்த வட்டக் கூரைக் கோயிலுக்குப் போகும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும். அன்று அந்தத் தண்ணீர் எத்தனை செம்பு என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

தெற்கே அதற்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பே இதே கதை நடந்திருந்தது. திருவிதாங்கூர் அரண்மனை அதிகாரி நீலகண்ட பிள்ளை 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றார். லாசரு என்ற பெயரின் பொருளைத் தமிழாக்கி அவருக்குத் தேவசகாயம் என்று பெயரிட்டார்கள். 1752இல் ஆரல்வாய்மொழி அருகே சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று புனிதராக அறிவிக்கப்பட்டார். ஞானஸ்நானத்தில் தலைமுழுகுதல் இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். ஆனால் அதே வடக்கன்குளத்தில் 1872இல் எழுந்த கோயிலில் சாதிக்கொரு பகுதியாகப் பிரித்து நடுவே சுவர் வைத்திருந்தார்கள். அது 1910இல்தான் இடிக்கப்பட்டது. கிறிஸ்துவுக்குள் ஞானஸ்நானம் பெற்றவர்களில் யூதன் என்றும் கிரேக்கன் என்றும் இல்லை, அடிமை என்றும் சுயாதீனன் என்றும் இல்லை என்று கலாத்தியருக்குப் பவுல் எழுதியதை அந்தக் கோயிலில் வாசிக்காமலா இருந்திருப்பார்கள்? ஒரே தண்ணீர் விழுந்த தலைகள், தனித்தனி வாசல்.

அரசு இதில் இன்னொரு முடிச்சுப் போட்டது. 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதியினர் ஆணை, இந்து அல்லாதவரைப் பொதுவாகப் பட்டியல் சாதியாகக் கருதவில்லை. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் கதவு திறந்தது. கிறிஸ்தவருக்கும் முஸ்லிமுக்கும் திறக்கவில்லை. கிறிஸ்தவத்தில் சாதி இல்லை என்பது இதற்குச் சொல்லப்படும் வாதம். கலாத்தியர் வசனத்தைக் கோயில்கள் நம்பியதைவிடச் சட்டம் அதிகமாக நம்புகிறது என்று கசப்போடு சொல்லத் தோன்றுகிறது.

உச்ச நீதிமன்றம் ஞானஸ்நானத்தை எடைபோட வேண்டிய நாளும் வந்தது. புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு பெண், தான் இந்து என்று சொல்லிப் பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்டார். தாய் கிறிஸ்தவர். கைக்குழந்தையாக இருந்தபோது அவருக்கு ஞானஸ்நானம் கொடுக்கப்பட்ட பதிவு கோயில் ஏட்டில் இருந்தது. பிறகு கோயிலுக்குப் போய்வந்ததும் வழக்கில் வந்தது. 2024 நவம்பர் 26 அன்று அவர் கோரிக்கையை நீதிமன்றம் நிராகரித்தது. நம்பிக்கை இல்லாமல், இட ஒதுக்கீட்டுப் பலனுக்காக மட்டும் மதம் மாறியதாகச் சொல்வது அரசமைப்புச் சட்டத்தின்மேல் செய்யும் மோசடி என்றும் சொன்னது. மூன்று மாதத்திலோ ஐந்து மாதத்திலோ நெற்றியில் விழும் தண்ணீர், பல வருடம் கழித்து வேலைக்கான விண்ணப்பத்தில் கறையாகத் தெரியும் என்று எந்த ஞானத்தகப்பனும் நினைத்திருக்க மாட்டார். இன்னொரு வழக்கு இதற்கு நேர் எதிர்த் திசையில் வந்தது. 1970இல் பெருமாள் நாடார் வழக்கில், கிறிஸ்தவராகப் பிறந்தவர் இந்துவாக மாறச் சடங்கு எதுவும் தேவையில்லை, உண்மையான எண்ணமும் அதை ஐயமின்றிக் காட்டும் நடத்தையும் போதும் என்று இதே நீதிமன்றம் சொன்னது. சபைக்கோ ஞானஸ்நானம் அழியாத முத்திரை. சட்டத்துக்கு அது பல சான்றுகளில் ஒன்று. எடைபோடும்போது அது ஏறக்குறையப் பாப்டிஸ்ட் போலவே பேசுகிறது: மனம் என்ன, நடத்தை என்ன?

இதையெல்லாம் நான் அக்காவிடம் சொல்லவில்லை. மருமகனிடம் கொஞ்சம் சொன்னேன். “அப்படியானால் எனக்குக் குழந்தையில் கொடுத்தது செல்லும் என்கிறீர்களா, மாமா?” என்று கேட்டான். “கொடுத்தது செல்லும். நீ ஆமாம் என்று சொல்ல ஆசைப்படுவதும் சரி. அதற்கு மறுபடி ஒரு தண்ணீர் வேண்டுமா என்பதில்தான் எனக்குச் சந்தேகம்” என்றேன். அவன் தலையாட்டினான். ஆனால் முடிவை மாற்றவில்லை.

பிப்ரவரி நடுவில் ஒரு சனிக்கிழமை, அவர்கள் சபை நடக்கும் கட்டடத்தின் மொட்டை மாடியில் பெரிய பிளாஸ்டிக் தொட்டி வைத்திருந்தார்கள். அக்கா வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு, நாங்கள் கிளம்பும்போது துண்டும் கம்பளிப் போர்வையும் எடுத்துக்கொண்டு முன்னால் வந்து நின்றாள். தொட்டிக்குப் பக்கத்தில் போய் விரலை விட்டுப் பார்த்தாள். பாஸ்டரிடம், “ஐயா, இன்னும் இரண்டு வாளி வெந்நீர் விளாவினால் குறைந்தா போய்விடும்?” என்று கேட்டாள். ஆதிச் சபைக் கையேட்டிலேயே வெந்நீருக்கு அனுமதி இருக்கிறது என்று நான் அவள் காதில் சொன்னேன். “இதற்கெல்லாமா புத்தகம் பார்ப்பார்கள்?” என்றாள். வாளிகள் வந்தன. மகன் எழுந்து வெளியே வந்ததும் தலையை அவளே துவட்டிவிட்டாள்.

பேரக்குழந்தை விஷயம் இன்னும் முடியவில்லை. ஈஸ்டருக்கு எல்லாரும் ஊருக்குப் போகிறோம், அங்கே போய்ப் பேசிக்கொள்ளலாம் என்று தற்காலிகமாக ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். திருக்குறள் எக்ஸ்பிரஸில் அக்காவுக்கும் மகனுக்கும் மருமகளுக்கும் நான்தான் டிக்கெட் எடுத்தேன். குழந்தைக்கு டிக்கெட் தேவையில்லை.